தூசியைத் துடைத்த கதை

மோட்டார் காரைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் ஒரு நல்ல காரைக் கெடுத்தவன் என்ற யோக்கியதை எனக்கு உண்டு. அதை வைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன்.

என் அத்தான், அதாவது என் தமக்கையின் கணவர், முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுவதும் சைக்கிளிலும் பஸ்ஸிலும் போய் வந்தவர், ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து ஒரு கார் வாங்கினார். கருநீல வர்ணம். புத்தம் புதியது. “செகண்ட் ஹாண்டில் வாங்கியிருக்கலாமே!” என்று என் தமக்கை சொன்னதற்கு, “என் வாழ்க்கையில் புதிதாக வாங்கிய பெரிய சாமான் என்று ஒன்றாவது இருக்கட்டும்” என்றாராம்.

அந்தக் காரை, வாங்கிப் பத்து மாதம்கூட ஆகாத நிலையில், மாயவரத்தில் ஒரு கல்யாணத்துக்காக எனக்கு இரவல் கொடுத்தார். கேட்டபோது ஒரு விநாடி யோசித்தார். அந்த ஒரு விநாடியை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

மூன்று நாள் லாட்ஜில் தங்கினேன். சாலை வேலை நடந்துகொண்டிருந்த சமயம். வண்டி முழுவதும் புழுதி அப்பிக் கருநீலம் காவியாகிவிட்டது. ‘இப்படியே கொண்டுபோய்க் கொடுத்தால் அத்தான் என்ன நினைப்பார்? பளபளவென்று துடைத்துக் கொடுக்க வேண்டும்’ என்று தீர்மானித்தேன். லாட்ஜில் தண்ணீருக்குக் கஷ்டம். கடைத்தெருவில் ஒரு மஞ்சள் துணி வாங்கினேன். விடியற்காலையில் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பானெட், மட்கார்டு, கதவு, கூரை ஒன்று விடாமல், வட்ட வட்டமாக, வியர்க்க வியர்க்கத் துடைத்தேன். வண்டி ஜொலித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஊர் திரும்பி வண்டியை வாசலில் நிறுத்தியபோது சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். மேற்கு வெயில் பானெட்டில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. அத்தான் வெளியே வந்தார். வண்டியைப் பார்த்தார். கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். சூரியனுடைய பிரதிபிம்பத்தைச் சுற்றி, சிலந்தி வலை பின்னியதுபோல், ஆயிரக்கணக்கான மெல்லிய கீறல்கள் வட்டம் வட்டமாக மின்னின.

அவர் உள்ளங்கையால் பானெட்டை ஒரு தடவை தடவினார்.

“துடைத்தாயா, மாப்பிள்ளை?” என்றார்.

“ஆமாம், அத்தான். தூசியாக இருந்தது...”

“நல்ல மனசோடுதான் துடைத்திருக்கிறாய்” என்று சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவர் கோபித்துக்கொண்டிருந்தால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

மறுநாள் ஒரு பட்டறைக்காரரிடம் விசாரித்தேன். “பாலிஷ் போட்டால் போய்விடும், சார். ஆனால் கீறலை நாங்கள் நிரப்புவதில்லை. கீறல் எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்குச் சுற்றியுள்ள பூச்சையும் தேய்த்து எடுத்துச் சமமாக்குகிறோம். இரண்டு மூன்று தடவை செய்யலாம். அப்புறம் தேய்ப்பதற்கு ஒன்றும் இருக்காது” என்றார். தோலைச் சீவித் தழும்பை மறைக்கும் வைத்தியம்! அத்தானிடம் சொன்னேன். “வேண்டாம், இருக்கட்டும்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தன் மேல் ஒரு குற்றம் விழுந்தால், அதற்கு ஆதியோடந்தமாக ஒரு சரித்திரம் இருக்கிறதா என்று தேடுவான். நானும் தேடினேன். ஒரு பழைய துணிக்கும் ஒரு பிடி தூசிக்கும் பின்னால் இவ்வளவு பெரிய சரித்திரம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

*

மோட்டாருக்கு முன்னால் குதிரை வண்டி. சென்னையில் சிம்ப்ஸன் கம்பெனி 1840-ல் தொடங்கியபோது அது கோச்சு வண்டி கட்டும் கம்பெனிதான். பிற்பாடுதான் மோட்டார் வேலைக்கு வந்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதே கதைதான். கோச்சு கட்டியவர்களே காருக்கும் உடல் கட்டினார்கள். கோச்சுக்கு வர்ணம் பூசியவர்களே காருக்கும் பூசினார்கள்.

அந்தப் பூச்சு சாமானியப் பூச்சு அல்ல. மரத்தின் மேல் முதலில் வெள்ளீயம் கலந்த அடிப்பூச்சு; அதன் மேல் துவாரங்களை அடைக்கும் பூச்சுகள்; ஒவ்வொன்றும் காய்ந்தபின் நுரைக்கல்லாலும் தண்ணீராலும் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். பிறகு வர்ணம். அதற்கும் மேலே வார்னிஷ். ஆளி விதை எண்ணெயும், டர்ப்பன்டைனும், கோபால் என்ற பிசினும் சேர்ந்தது அந்த வார்னிஷ். ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள ஸான்ஸிபாரிலிருந்து வந்த கோபாலுக்குத் தனி மதிப்பு. எல்லாம் சேர்த்துப் பதினைந்து இருபது பூச்சு ஆகிவிடும். பூசுவதைவிடக் காய்வதற்குத்தான் காலம். எண்ணெய்ப் பூச்சு காற்றை உண்டு மெள்ள மெள்ள இறுக வேண்டும். ஆகவே ஒரு வண்டி பட்டறையிலிருந்து வெளியே வர வாரக்கணக்கில் ஆயிற்று.

இப்படிப் பாடுபட்டுப் பூசியதைப் பாதுகாக்கும் பொறுப்பு கோச்சு வண்டிக்காரனுடையது. அவனுக்கு எழுதா வேதம்போல் சில விதிகள் இருந்தன. சேறு காயும்வரை விட்டுவைக்காதே. காய்ந்துவிட்டால் துடைக்காதே, தண்ணீரை ஊற்றி ஊறவைத்துத் தானாகக் கரைந்து ஓடச் செய். வெயிலில் வண்டியைக் கழுவாதே. தண்ணீரைத் தாராளமாக விடு. கழுவி முடித்ததும் ஈரத்தைத் தானாக உலர விடாமல் மெல்லிய தோலால் ஒற்றி எடு. குதிரை லாயத்தின் காற்று வண்டிக் கொட்டகைக்குள் வராமல் பார்த்துக்கொள். அதிலுள்ள நவச்சார ஆவி வார்னிஷைத் தின்றுவிடும்.

மெல்லிய தோல் என்றேனே, அது ஆல்ப்ஸ் மலையில் துள்ளித் திரியும் ஷாமாய் என்ற ஆட்டினப் பிராணியின் தோல். அதன் பெயரே தோலுக்கும் பெயராகிவிட்டது. பிற்காலத்தில் செம்மறியாட்டுத் தோலை மீன் எண்ணெயில் பதப்படுத்தி அதே பெயரில் விற்றார்கள்.

எழுத்து வாசனை அறியாத எத்தனையோ வண்டிக்காரர்களுக்குத் தெரிந்திருந்த விஷயம், ஏழு நாவல் எழுதிய எனக்குத் தெரியாமல் போயிற்று! ‘காய்ந்த தூசியைத் துடைக்காதே’ என்பது அவர்களுடைய முதல் பாடம்.

*

அடுத்த அத்தியாயம் அமெரிக்காவில், டிட்ராய்ட் நகரத்தில் நடக்கிறது. 1908-ல் ஹென்றி ஃபோர்டு ‘மாடல் டி’ என்ற காரை வெளியிட்டார். 1913-ன் பிற்பகுதியில் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் வண்டிகள் நகர, தொழிலாளி நின்ற இடத்திலேயே நின்று வேலை செய்யும் முறையைக் கொண்டுவந்தார். பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த அடிச்சட்ட வேலை, 1914-ல் தொண்ணூற்று மூன்று நிமிஷமாகச் சுருங்கிவிட்டது. காரை ஒன்றரை மணியில் பூட்டிவிட்டு, வர்ணம் காய்வதற்கு வாரக்கணக்கில் காத்திருந்தால் எப்படி? ஃபோர்டு இதற்குக் கண்ட வழி கறுப்பு. நிலக்கீலும் எண்ணெயும் கலந்த கறுப்பு எனாமல்கள் மலிவானவை, உறுதியானவை, அடுப்பறையில் வைத்துச் சுடவும் தோதானவை. 1914 முதல் 1925 வரை மாடல் டி கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது. அதற்கு முன்னால் பச்சையும் சிவப்பும் சாம்பலுமாக அது வந்துகொண்டிருந்தது என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள்.

பணக்காரர்கள் கறுப்போடு திருப்தியடைவார்களா? அவர்களுக்கு வர்ணம் வேண்டும். அந்த வர்ணத்தைத் தந்தது, நம்புங்கள், வெடிமருந்து!

இங்கேதான் என் மஞ்சள் துணிக்கு ஒரு மூதாதை வருகிறது. ஸ்விட்ஸர்லாந்தில் பாஸல் நகரத்தில் ஷோன்பைன் என்று ஒரு ரசாயனப் பேராசிரியர். அவர் ஒரு நாள் வீட்டுச் சமையலறையில் அமிலத்தை வைத்துக்கொண்டு ஏதோ பரிசோதனை செய்தபோது அது கொட்டிவிட்டதாம். மனைவி வருவதற்குள் துடைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், கைக்கு அகப்பட்ட அவளுடைய பருத்தி மேலங்கியை எடுத்துத் துடைத்து, அடுப்புக்கு மேலே உலரப் போட்டாராம். உலர்ந்ததும் துணி ‘பக்’கென்று எரிந்து மாயமாகிவிட்டது. இது கர்ண பரம்பரையாக வரும் கதை. ஆனால் 1846-ல் அவர் ‘வெடிபஞ்சை’ உலகுக்கு அறிவித்தது சரித்திரம். நல்ல மனசோடு துடைத்து விபரீதத்தில் மாட்டிக்கொண்டவன் நான் ஒருவன் மட்டும் அல்ல என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

அந்த வெடிபஞ்சின் உறவுதான் நைட்ரோ செல்லுலோஸ். அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனி 1802-ல் வெடிமருந்து செய்வதற்காகத் தொடங்கப்பட்டது. முதல் உலக யுத்தம் 1918-ல் முடிந்ததும், யுத்தத்துக்காகப் பெருக்கிய தொழிற்சாலைகளுக்கு வேறு வேலை தேட வேண்டியிருந்தது. அந்தக் கம்பெனியின் ரசாயனிகள், கெட்டியாக இருந்த நைட்ரோ செல்லுலோஸ் கரைசலை, வீரியம் குறையாமல் தண்ணீராக இளகச் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார்கள். இளகியதும் அதைக் குழாயால் தெளிக்க முடிந்தது. அதற்கு வைத்த பெயர் ‘டூக்கோ’.

ஜெனரல் மோட்டார்ஸில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் சார்லஸ் கெட்டரிங். காரை முடுக்கிச் சுற்றிக் கிளப்பும் கஷ்டத்தைப் போக்கி, மின்சாரத்தால் கிளப்பும் கருவியைத் தந்த புண்ணியவான். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். வர்ணம் ஒரு மணி நேரத்தில் காய முடியாது என்று அடித்துப் பேசிய ஒரு வர்ண வியாபாரியை அவர் சாப்பாட்டுக்கு அழைத்தாராம். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்த வியாபாரி, தம் காரைக் காணோமே என்று விழித்தாராம். “இதோ நிற்கிறதே, இது உங்களுடையது இல்லையா?” என்றார் கெட்டரிங். “என் காரின் நிறம் இது இல்லையே?” “இப்போது இதுதான்!”

1924-ம் வருஷத்து மாடலாக வந்த ஓக்லண்ட் கார்தான் டூக்கோ பூசி விற்பனைக்கு வந்த முதல் கார்களில் பேர் பெற்றது. அதன் நிறம் என்ன தெரியுமா? நீலம். டூக்கோவைப் பார்த்து மற்றவர்களும் வர்ணத்துக்கு மாறினார்கள். 1926-ம் வருஷத்து மாடலில் ஃபோர்டும் கறுப்பைத் தளர்த்தினார். அந்த டூக்கோ கடல் கடந்து நம் ஊருக்கும் வந்து, ‘டிங்கரிங், டூக்கோ பெயின்டிங்’ என்று பட்டறைப் பலகைகளில் தமிழ் எழுத்திலேயே குடியேறிவிட்டது. வெடிமருந்துக் கம்பெனியின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

*

டூக்கோ சீக்கிரம் காய்ந்தது. ஆனால் காய்ந்ததும் மங்கியது. தேய்த்து மெருகேற்றினால்தான் பளபளக்கும். வெயிலில் நின்றால் மறுபடி மங்கும். மறுபடி தேய்க்க வேண்டும். ஆகவே காரைத் தேய்ப்பதும் மெழுகு பூசுவதும் சொந்தக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விரதம் ஆயிற்று. பிரேஸில் நாட்டில் ஒரு வகைப் பனையின் ஓலையில் படியும் கார்னோபா மெழுகுக்கு யோகம் அடித்தது. பிற்காலத்தில் சுடு எனாமல்களும், 1950-களில் அக்ரிலிக் பூச்சுகளும் வந்தன. தேய்க்கத் தேய்க்க மெருகு என்ற பழக்கம் மட்டும் ஜனங்களுடைய கையை விட்டுப் போகவில்லை.

1980-களில் பெரும் மாறுதல் பரவியது. வர்ணம் ஒரு பூச்சு. அதன்மேல் கண்ணாடிபோல் நிறமற்ற பூச்சு ஒன்று. இன்றைய கார்களில் நாம் தொடுவது வர்ணத்தை அல்ல, அந்தக் கண்ணாடிப் பூச்சைத்தான். அதன் கனம் சாதாரணமாக நாற்பது, ஐம்பது மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் பருமன் சுமார் எழுபது மைக்ரான். ஆக, அத்தானுடைய ஓய்வுப் பணத்தின் அழகெல்லாம் ஒரு தலைமுடிக் கனம்கூட இல்லாத ஒரு படலத்தில் இருந்தது. அதைத்தான் நான் வியர்க்க வியர்க்கத் தேய்த்தேன்.

எதைக்கொண்டு தேய்த்தேன்? துணியால் என்று நினைத்திருந்தேன். துணி குற்றவாளி அல்ல. 1812-ல் ஃப்ரீட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், எந்தக் கல் எந்தக் கல்லைக் கீறும் என்று பார்த்துப் பத்துப் படிகளாக ஒரு வரிசை அமைத்தார். முதல் படி மாக்கல், பத்தாவது வைரம். ஏழாவது படியில் இருப்பது குவார்ட்ஸ். நம் ஆற்று மணலும் சாலைப் புழுதியில் நறநறவென்று அகப்படும் துகளும் பெரும்பாலும் அதுதான். சாதாரணப் பேனாக்கத்தியின் எஃகு ஐந்தரைப் படிதான். கத்தியைவிடக் கடினமான கோடிக்கணக்கான துகள்களை, மஞ்சள் துணிக்கு அடியில் வைத்து அழுத்தி, ஒரு தலைமுடிப் படலத்தின்மேல் வட்டமிட்டிருக்கிறேன்!

ஒரு வேடிக்கை. நான் வட்டமாகத் துடைத்ததால்தான் கீறல்கள் வட்டமாகத் தெரிந்தன என்று எண்ணியிருந்தேன். அப்படி அல்ல. கீறல்கள் எல்லாத் திசைகளிலும் இருக்கின்றன. அவற்றுள் வெளிச்சத்துக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன. அவை சேர்ந்து சூரியனைச் சுற்றி வட்டமாகத் தோன்றுகின்றன. நாம் நகர்ந்தால் வட்டமும் நகரும். எங்கே நின்று பார்த்தாலும் குற்றம் நம்மைத் தொடர்கிறது. நேர்கோட்டில் துடைத்து விழுந்த கீறலோ ஒரே திசையில் கிடப்பதால், சில கோணங்களில் மட்டுமே தெரியும்.

*

வீட்டில் குழாயும் கொட்டகையும் இருப்பவனுக்குக் காரைக் கழுவுவது பெரிய காரியம் அல்ல. வெளியூரில்தான் சங்கடம். இந்தச் சங்கடமும் பழையது. 1914-லேயே டிட்ராய்டில் ‘மோட்டார் சலவைக்கூடம்’ என்று ஒன்று திறந்தார்கள். ஆட்கள் காரைக் கையால் தள்ளிக்கொண்டு போவார்கள். ஒருவன் சோப்புப் போடுவான், ஒருவன் அலசுவான், ஒருவன் துடைப்பான். பிறகு இயந்திரமும் சுழலும் தூரிகையும் வந்தன. முன்னால் போன வண்டியின் மணல் தூரிகையில் தங்கி அடுத்த வண்டியைக் கீறும் என்பதால், கருநீலக் கார் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

அப்படியானால் லாட்ஜில் தங்கியவன் என்ன செய்வது? நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதல் விதி, ஒன்றும் செய்யாமல் இருப்பது. தூசி சும்மா உட்கார்ந்திருந்தால் கீறாது. நாம் அதை நகர்த்தும்போதுதான் கீறுகிறது. முன் கண்ணாடியையும் விளக்குகளையும் மட்டும் தண்ணீர் விட்டுச் சுத்தம் செய்துகொண்டு, மற்றதை அப்படியே விட்டுவிட்டு ஊர் வந்து சேரலாம். பறவை எச்சமும் பூச்சிகள் நசுங்கிய கறையும் மட்டும் விதிவிலக்கு. அவை பூச்சை அரிக்கும். ஈரத்துணியை அதன்மேல் சில நிமிஷம் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

கழுவித்தான் ஆகவேண்டும், தண்ணீரும் இருக்கிறது என்றால், நிழலில் நிறுத்தி, வண்டிச் சூடு ஆறியபின், முதலில் தண்ணீரை மட்டும் மேலிருந்து கீழே ஊற்ற வேண்டும். பாதி மணல் துணி படாமலே போய்விடும். பிறகு இரண்டு வாளி. ஒன்றில் கார் சோப்புக் கரைசல். மற்றொன்றில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு முறையும் துணியை வெறும் தண்ணீரில் அலசி மணலை அங்கே விட்டுவிட்டு, அதன்பிறகே சோப்பில் தோய்க்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு கூடாது. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் அது மெழுகையும் எடுத்துவிடும். கூரையில் தொடங்கிக் கதவின் அடிப்பகுதியில் முடிக்க வேண்டும். அழுக்கு மிகுதி அங்கேதான். உப்புத் தண்ணீர் ஊராக இருந்தால் உலர விடாமல் உடனே ஒற்றி எடுக்க வேண்டும். இல்லையேல் வெள்ளைப் புள்ளிகள் நிற்கும். ஆற்றில் இறக்கிக் கழுவும் எண்ணம் வேண்டாம். வண்டியின் எண்ணெய் ஆற்றில் சேரும். ஆற்றின் மணல் துணியில் சேரும்.

தண்ணீருக்குப் பஞ்சமா? அரை வாளித் தண்ணீரில் சிறிது கலந்தால் போதும் என்று, அலசத் தேவையில்லாத கழுவு திரவங்கள் இப்போது கிடைக்கின்றன. வழுவழுப்பு உண்டாக்கித் தூசியைச் சூழ்ந்து தூக்கிவிடுவது அவற்றின் குணம். ஆனால் அவை மெல்லிய தூசிக்குத்தான், சேற்றுக்கு அல்ல. துடைக்கும் துணி முக்கியம். 1970-ல் ஜப்பானில் டோரே கம்பெனியில் மியோஷி ஒகமோட்டோ என்பவர் முடியைவிடப் பலமடங்கு மெல்லிய இழையை உருவாக்கினார். அந்த வம்சத்து ‘மைக்ரோ ஃபைபர்’ துணிகள் தூசியைத் தம் இழைகளுக்குள் இழுத்துக்கொள்ளும். அப்படி ஒரு துணியை நான்காக மடித்தால், பக்கத்தைத் திருப்பித் திருப்பி எட்டு முகம் கிடைக்கும். ஒவ்வொரு முகத்தாலும் அழுத்தாமல், நேர்கோட்டில், ஒரே ஒரு இழுப்பு. அழுக்கான முகத்தால் இரண்டாம் முறை தொடக் கூடாது. எட்டும் முடிந்தால் அடுத்த துணி. கீழே விழுந்த துணியை அன்றைக்கு எடுக்கவே கூடாது.

*

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டு அத்தானிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். பரீட்சை முடிந்தபின் பாடத்தைப் படித்து வந்த பையனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, மறுபடி ஒரு வெளியூர்ப் பிரயாணம். பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். விஷயம் என் தமக்கை மூலம் தெரிந்திருக்க வேண்டும். முதல் நாள் சாயங்காலம் அத்தான் வீட்டுக்கு வந்தார். சாவியை மேஜைமேல் வைத்தார்.

“வேண்டாம், அத்தான்” என்றேன். உண்மையாகவே பயந்து சொன்னேன்.

“கார் ஓடுவதற்குத்தானே, மாப்பிள்ளை? டிக்கியில் வாளியும் துணியும் வைத்திருக்கிறேன். எட்டுத் துணி இருக்கிறது” என்றார்.

ஐந்து நாள் போய்விட்டுத் திரும்பினேன். வழியெல்லாம் புழுதி. தண்ணீர் கிடைக்கவில்லை. வாளியையும் துணியையும் எடுக்கவே இல்லை. ஒரு வண்டிப் புழுதியை அப்படியே அவர் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். அதே மேற்கு வெயில். அத்தான் வெளியே வந்து சுற்றிவரப் பார்த்தார்.

“துடைக்கவில்லையா?”

“இல்லை, அத்தான்.”

“ரொம்பச் சரி” என்று சொல்லிவிட்டு, தோட்டக் குழாயை இழுத்துவந்து நுனியை என் கையில் கொடுத்தார். “முதலில் தண்ணீரை மட்டும் விடு” என்றார்.

நான் தண்ணீர் விட்டேன். காவி கரைந்து ஓட ஓட, கருநீலம் வெளியே வந்தது. என் வட்டங்களும் கூடவே வந்தன. அவர் அவற்றைப் பார்க்காததுபோல் மறுபக்கம் போய்ச் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.